61 நாளா, 32 ஆண்டா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தூத்துக்குடி விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. சிவகாசிச் சந்தையிலே மீன் விலை ஏறுகிறது. பட்டாசுத் தொழிலாளி முணுமுணுக்கிறான். நியாயந்தான்!

ஆனால் தோழர்களே, கனடாவைப் பாருங்கள். நியூஃபவுண்ட்லாந்துக் கடலிலே காட் மீனை ராட்சதக் கப்பல்கள் வாரிச் சுருட்டின. நிதானமாக வளரும் மீன் முட்டையிடுமுன்னே வலையில் விழுந்தது. முந்திச் சினைப்பட்டதே சந்ததி விட்டது. 6 வயதில் முதிர்ந்த இனம் 5 வயதிலேயே முதிரத் தொடங்கிற்று. பிழைத்துக்கொண்டதே என்பீர்கள்! சிறிய தாய்க்கு முட்டை குறைவு ஐயா! 1992-இல் அரசு தடை போட்டது. சுமார் 30,000 பேர் வேலையிழந்தனர். தடை நீங்க 2024 ஆயிற்று.

நம் தடை 61 நாள். அது முடிந்த மறுநாளே சிறுகண்ணி வலை இறங்கினால், பொறுத்திருந்த கரைத் தொழிலாளிக்கு மிஞ்சுவதென்ன?