சேற்றின் மேடும் மரத்தின் உயரமும்

மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் சாதாரணச் செயற்கைக்கோள் படத்தை எடுத்துப் பாருங்கள். நட்டுப் பத்தாண்டு ஆன பாக்காவ் மரக்கூட்டமும், வெட்டுக்குத் தயாராக நிற்கும் முப்பதாண்டுக் கூட்டமும் ஏறக்குறைய ஒரே பச்சையாகத் தெரியும். பரப்பைக் கணக்கிடுகிறவருக்கு இரண்டும் ஒன்றே. கூடு கட்ட இடம் தேடி வரும் நாரைக்கு அப்படி இல்லை.

எத்தனை ஹெக்டர் காடு மிச்சமிருக்கிறது என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். அது எவ்வளவு உயரம், எத்தனை அடுக்கு, அடியில் வேர்ப்பின்னல் எவ்வளவு அடர்த்தி என்று கேட்பது அபூர்வம். உயிர்கள் குடியிருப்பதோ அந்த உயரத்திலும் அடுக்கிலும் பின்னலிலும்தான். இறால்குஞ்சு ஒளிந்து வளர வேர் வேண்டும். பெரிய பறவை அமரத் தாங்குகிற கிளை வேண்டும். காட்டின் இந்த உடற்கட்டை விண்ணிலிருந்து அளக்கும் கலைக்குப் பள்ளிக்கூடமாக அமைந்த இடங்களில் ஒன்று, பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே, பேராக் கரையோரத்தில் இருக்கிறது.

மாத்தாங் காடு சுமார் 40,000 ஹெக்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டு வெட்டி, திட்டமிட்டு நட்டு வரும் காடு. நட்ட 15ஆம் ஆண்டில் ஒரு மரத்தை நடுவாக வைத்து 1.2 மீட்டர் நீளக் கழியைச் சுற்றுவார்கள். அதற்குள் அகப்படும் மற்ற மரங்கள் வெட்டுப்படும். 20ஆம் ஆண்டில் கழி 1.8 மீட்டராக நீளும். 30ஆம் ஆண்டில் முழு வெட்டு. அந்தக் கட்டைகள் கோலா செபாத்தாங்கின் கரிச்சூளைகளுக்குப் போகும்.    இந்த ஒழுங்கால் எந்தத் துண்டு எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்பது ஏட்டில் இருக்கிறது. செயற்கைக்கோள் சொல்வது சரியா என்று சோதிக்க இதைவிட நல்ல விடைத்தாள் கிடைக்காது.

வேல்ஸைச் சேர்ந்த அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லூக்கஸ், மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஹம்டான் ஒமார் உள்ளிட்டோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் பல்லாண்டுப் படங்களை வரிசையாக அடுக்கினால், வெட்டிய ஆண்டில் ஒரு துண்டு வெளுத்துப்போவதும் பிறகு மெல்லப் பச்சை திரும்புவதும் தெரியும்; அதிலிருந்து மரங்களின் வயது. ஆனால் சில ஆண்டுகளிலேயே பச்சை நிறைந்துவிடும். அதற்குப் பிந்திய வளர்ச்சியைக் கண்ணுக்குத் தெரியும் ஒளி காட்டாது. அங்கே ரேடார் வேண்டும்.

ஜெர்மனியின் டான்டெம்-எக்ஸ் ரேடார் செயற்கைக்கோள், தன் இணையான டெர்ராசார்-எக்ஸுடன் சில நூறு மீட்டர் இடைவெளியில் பறக்கிறது. நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறு கோணத்தில் பார்த்து ஆழத்தை உணர்வதுபோல், இந்த இரண்டும் சேர்ந்து மர உச்சிகளின் மட்டத்தைக் கணிக்கின்றன. சதுப்புநிலக் காட்டில் இன்னொரு வசதி: தரை ஏறக்குறைய கடல்மட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே உச்சியின் மட்டமே கிட்டத்தட்ட மரத்தின் உயரம்.

நம் பினாங்குக் கொடிமலையில் இந்தச் சலுகை இல்லை. அங்கே தரையே 800 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. சரிவையும் மரத்தையும் பிரிக்க, இலை இடுக்குகளில் புகுந்து தரையைத் தொட்டுத் திரும்பும் லேசர் துடிப்புகள் வேண்டும். லைடார் எனப்படும் இம்முறையால்தான் 2018இல் சபாவின் டானும் பள்ளத்தாக்கில் மெனாரா என்ற மஞ்சள் மெரந்தி மரம் கண்ணில் பட்டது. மறு ஆண்டு ஜனவரியில் உண்டிங் ஜாமி என்பவர் உச்சிவரை ஏறி நாடாவால் அளந்தார்: 100.8 மீட்டர்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேர்களைப் பற்றியது. டான்டெம்-எக்ஸின் அலைநீளம் சுமார் 3 சென்டிமீட்டர்; அது பெரும்பாலும் மேலிலைகளிலேயே சிதறிவிடும். சுமார் 24 சென்டிமீட்டர் நீளமுள்ள எல்-அலைவரிசையோ இலைகளைத் தாண்டி உள்ளே போய்க் கிளையிலும் தண்டிலும் மோதித் திரும்பும். மரம் பெருத்தால் எதிரொலியும் பெருக வேண்டும் என்று எதிர்பார்ப்போம். முதிர்ந்த பாக்காவ் காடுகளில் நேர்மாறாக அது குறைகிறது. தாங்குவேர்களின் அடர்ந்த பின்னல் அலையை விழுங்கிவிடுவதே காரணம் என்கிறார்கள். உயரமான காடு ரேடார் படத்தில் இருண்டு தெரிந்தால், கீழே வேர் செழித்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரையிலான கரைக்கு வருவோம். அங்கே மரம் ஒரு மெல்லிய விளிம்பு மட்டுமே. வாழிடத்தின் பெரும்பகுதி வெறும் சேறு. பேர்ட்லைஃப் அமைப்பு இதை முக்கியப் பறவைப் பகுதியாகப் பட்டியலிட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவரை நீளும் கிழக்காசிய வலசைப் பாதையில் வரும் உள்ளான்களும் கோட்டான்களும் நீர் வற்றும் நேரத்தில் இங்கே இரை தேடுகின்றன. சேற்றுக்கும் உயரம் உண்டு: ஒரு சாண் மேடு பள்ளம், அந்த இடம் எத்தனை மணி நேரம் வெளியே தெரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. பறவைக்கு அது சாப்பாட்டு நேரம்.

அந்தச் சாண் அளவை வரைய ஒரு எளிய உத்தி இருக்கிறது. வெவ்வேறு ஓத நேரங்களில் எடுத்த படங்களில் நீர் நிற்கும் எல்லையைக் கோடாக வரைந்து, அந்தந்த நேர நீர்மட்டத்தை எழுதிவிட்டால், கோடுகளே சம உயரக் கோடுகள். ஓத மாற்றம் நீர் எல்லையை நகர்த்துவதைப் பயன்படுத்தித்தான் நிக்கோலஸ் மர்ரி குழுவினர் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட லேண்ட்சாட் படங்களைக் கொண்டு உலகின் ஓதச் சேற்றுவெளிகளைப் பதிவு செய்தனர். 2019இல் நேச்சர் இதழில் வந்த அந்த ஆய்வின்படி, உலகில் குறைந்தது 127,921 சதுர கிலோமீட்டர் இருக்கிறது. போதிய படங்கள் கிடைத்த இடங்களில் 1984க்கும் 2016க்கும் இடையே சுமார் 16 விழுக்காடு அழிந்திருக்கிறது.

இதில் ஒரு இடறல். லேண்ட்சாட் எப்போதும் காலை பத்து மணி வாக்கில்தான் ஓரிடத்தைக் கடக்கும். ஒரு கரையில் பெருவற்று ஏறக்குறைய ஒரே மணிக்கே வருவதால், மிகக் கீழான சேற்றை அது பார்க்காமலே போகலாம். நம் வானத்தில் மேகம் வேறு. 2025 ஜூலை 30 அன்று, பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் ரேடார் செயற்கைக்கோள், காலை ஆறு, மாலை ஆறு மணி வாக்கில் கடக்கிறது. 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. இஸ்ரோவின் எஸ்-அலைவரிசையும் நாசாவின் எல்-அலைவரிசையும் சுமக்கும் அதற்கு மேகம் தடையில்லை. ஆயினும் காற்றில்லாத நாளில் வழவழப்பான ஈரச் சேறும் அசையாத நீரும் ரேடாருக்கு ஒரே கறுப்புதான்.

ஆகவே எந்தக் கோடு சேறு, எந்தக் கோடு நீர் என்று கரையில் நின்று சொல்ல ஆள் வேண்டும். நீர் வற்றும் நேரம் பார்த்து வலையெடுக்கப் போகும் கோலா மூடா மீனவர்களின் கால்கள் அந்த மேடு பள்ளத்தை அறியும். அவர்கள் கழி நட்டு எழுதித் தரும் நீர்மட்டம் நம் பல்கலைக்கழகங்களின் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். கடலை நிரப்பி நிலமாக்கும் அடுத்த திட்டம் வரைபலகைக்கு வருமுன் இந்தக் கரையின் உயரப்படம் நம் கையில் இருக்க வேண்டும்.