சிவப்பு விளக்கின் பொருள் என்ன?

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது; 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டது. ஏரிப் பாசன ஊர்களாக இருந்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் இப்போது விடியும் முன்பே தொழிலாளரை ஏற்றிய பேருந்துகள் ஆலை வாயில்களில் வரிசைகட்டுகின்றன. பல ஆலைகளில், இறங்குவோர் கழுத்தில் தொங்கும் அட்டையைக் கருவியிடம் காட்டியே உள்ளே நுழைய வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் வருகை பதிவாகும்; சிவப்பு எரிந்தால் அன்றைய ஊதியம் கேள்விக்குறியாகும்.

இந்த வட்டாரத்து ஆலை ஒன்றில் அத்தகைய கருவிகளைப் பராமரித்தபோது, 'அட்டையைச் சரியாகக் காட்டவில்லை' என்ற பழி தொழிலாளர் மீதே விழுவதைக் கண்டேன். ஆனால், வாயிலை ஒட்டிய கூடத்தில் மோட்டார்கள் ஓடும்போது மட்டுமே கருவி தடுமாறியது. கருவியைப் பொருத்திச் சோதித்ததோ இயந்திரங்கள் ஓய்ந்திருந்த விடுமுறை நாளில்!

அட்டைக்குள் மின்கலம் இல்லை. கருவி நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அதிரும் காந்தப்புலத்தை உருவாக்குகிறது. அதிலிருந்தே மின்சாரம் பெறும் அட்டை, அப்புலத்தை மிக மெல்லச் சலனப்படுத்திப் பதில் சொல்கிறது. தவில் வாசிப்பவரே, பக்கத்தில் ஒருவர் முணுமுணுப்பதையும் கேட்க வேண்டிய நிலை அது. மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்கள் மின்சாரத்தை விரைந்து துண்டித்துத் துண்டித்துச் செலுத்துபவை. அதனால் எழும் மின் இரைச்சல் கம்பிகள் வழியே வந்து அந்த முணுமுணுப்பை மூழ்கடிக்கிறது.

கருவியின் உணர்திறனைக் கூட்டுவதே பலருக்கும் முதலில் தோன்றும் தீர்வு. நானும் அதையே செய்தேன், நிலைமை மோசமானது. பதிலைப் பெருக்கும்போது இரைச்சலும் சேர்ந்தே பெருகுகிறது. எந்த அளவுக்கு மேல் வந்தால் பதிலென ஏற்பது என்ற வரம்பைத் தாழ்த்தினால், இரைச்சலையே பதிலாகக் கருவி எண்ணும். உயர்த்தினால், உண்மையான அட்டையையும் புறக்கணிக்கும்.

சரியான வரிசை வேறு. முதலில் கருவியின் கம்பிகளை மோட்டார் கம்பிகளிலிருந்து விலக்க வேண்டும்; தனி மின்வழங்கியும் முறையான தரை இணைப்பும் தர வேண்டும். பின்னர், எல்லா இயந்திரங்களும் ஓடும் வேளையில், அட்டை இல்லாமல் இரைச்சலை மட்டும் அளந்து, அதற்குச் சற்று மேலே வரம்பை வைக்க வேண்டும். தேய்ந்த பழைய அட்டைகளையும் வெவ்வேறு தொலைவில் காட்டிச் சரிபார்க்க வேண்டும். இப்படிச் செய்த பிறகே எங்கள் வாயில் சீரானது.

ஆயினும் எவ்வளவு நுட்பமாகச் சீரமைத்தாலும் கருவி என்றேனும் தவறும். 'எனக்குக் கேட்கவில்லை' என்பதே சிவப்பு விளக்கின் பொருள். 'நீ வரவில்லை' என்பதல்ல. எனவே ஒவ்வொரு வாயிலிலும் கையால் எழுதும் பதிவேடு ஒன்று இருக்கட்டும். கருவியின் செவிக்கோளாறுக்குத் தொழிலாளியின் ஒரு நாள் கூலி விலையாகக் கூடாது.