ஊதினால் போதுமா?

"ஹாரன் அடித்தானா?"

சாலையிலே ஒரு தொழிலாளி அடிபட்டு விழுந்தால், கூடுகின்ற கூட்டம் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். அடிக்கவில்லை என்றால், "அவன்மேல்தான் தவறு" என்று தீர்ப்புக் கூறிவிட்டுக் கலைந்து செல்வார்கள். அடித்தும் கேட்காமற் போயிருக்கலாமே என்று எண்ணிப் பார்ப்பார் இல்லை. நாம் எண்ணிப் பார்ப்போம், தோழர்களே!

பரமக்குடி, இராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் என நீண்டு, பாம்பன் கடலைத் தாண்டி, இராமேசுவரம் தொட்டுத் தனுஷ்கோடியில் முடிகிறது 87-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. விடியுமுன்னே ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மொபெட்டில் புறப்படும் மீன் வியாபாரி, கரணையும் மட்டப்பலகையும் பையிலிட்டுச் செல்லும் கொத்தனார், வலைக்கு நூல் வாங்கப் போகும் மீனவர் — இவர்கள் செல்லும் சாலை அது. யாத்திரிகர் பேருந்தும், மீன் லாரியும், சுற்றுலா வேனும் பறக்கின்ற சாலையும் அதுவே. ஐஸ் கரைந்தால் விலை கரையும். ஆகவே ஏழையும் விரைகிறான். நிதானம் அவனுக்குத் தெரியாததல்ல. அதற்கு அவன் கொடுக்க வேண்டிய விலை அதிகம்.

அவனுடைய பாதுகாப்புக்கென்று வண்டியிலே இருப்பது என்ன? கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பித்தான். அழுத்தினால் மெல்லிய இரும்புத் தகடு அதிர்ந்து "பீ" என்கிறது.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆவது விதி, வண்டி வருவதைப் போதுமான அளவு எச்சரிக்கும் ஹாரன் வேண்டும் என்கிறது. போதுமான அளவு! நல்ல சொல். ஆனால் யாருக்குப் போதும்? எந்த வேகத்தில் போதும்? எவ்வளவு தூரத்தில் போதும்?

கணக்குப் பார்ப்போம். ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் ஹாரன்களுக்கென 28-ஆம் எண் ஒழுங்குமுறையை வகுத்திருக்கிறது. வண்டிக்கு முன்னால் 7 மீட்டரில் நின்று அளக்கும்போது, காருக்கும் லாரிக்கும் பெரிய மோட்டார் சைக்கிளுக்கும் குறைந்தது 93 டெசிபெல் இருக்க வேண்டும். 7 கிலோவாட்டுக்கு மேற்படாத சிறு மோட்டார் சைக்கிளுக்கோ 83 போதுமாம்! நம் உழைப்பாளித் தோழர்கள் ஓட்டும் 100 சி.சி. வண்டிகளில் பெரும்பாலானவை அந்த 7 கிலோவாட்டுக்குக் கீழேதான். அளவுகோலிலும் ஏழையின் குரல் சன்னமானதாகவே வைக்கப்பட்டிருக்கிறது, பாருங்கள்!

பல வண்டிகள் 83-ஐவிட உரக்க ஒலிப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வண்டி பழசாகும், பாட்டரி தளரும், இந்தக் கடற்கரையிலோ உப்புக்காற்று ஹாரனின் இணைப்பு முனைகளையெல்லாம் அரித்துத் தின்னும்.

திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். 7 மீட்டரில் 83 என்றால், 14-இல் 77, 28-இல் 71, 56 மீட்டரில் 65. இனி வேகத்தைப் பாருங்கள். இருவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு 60 கிலோமீட்டர் என 2018-இல் மத்திய அரசு உச்ச வரம்பு அறிவித்தது. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது வண்டி. ஆபத்தை உணர்ந்து பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி; அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 23 மீட்டர். ஏறத்தாழ 50 மீட்டருக்கு அப்பாலேயே ஹாரன் கேட்டாக வேண்டும். அந்த இடத்தில் மிஞ்சுவதோ 65 டெசிபெல்!

ஓடுகின்ற லாரியின் ஓட்டுநர் அறையில் இரைச்சல் 70-ஐத் தாண்டுவது சாதாரணம். கண்ணாடியை ஏற்றிவிட்டால், வெளியோசையில் 20 டெசிபெல்லையாவது அது விழுங்கிவிடும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது. வரவேற்கிறோம்! வேகாத வெயிலில் வெந்த தோழனுக்கு அது சலுகை அல்ல, உரிமை. ஆனால் குளிர்சாதனம் வந்தால் கண்ணாடி மூடும். கண்ணாடி மூடினால் காதும் பாதி மூடும். எதிரே வருகிற மோட்டார் சைக்கிள்காரனுக்கும் இதே கதைதான். 80, 100 என்று பறந்தால் தலைக்கவசத்துக்குள் காற்றிரைச்சல் மட்டுமே 90 டெசிபெல்லைக் கடந்துவிடும்.

இத்தனைக்கும் மேலே பாம்பன் காற்று! பழைய ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவந்தார்கள். ரயிலை நிறுத்திய காற்று, ஹாரன் ஒலிக்கு வழிவிடுமா? எதிர்க்காற்றில் ஒலி மேல்நோக்கி வளைந்துவிடும். முன்னே நிற்பவன் காதுக்கு எட்டாமல் தலைக்குமேல் போய்விடும். அந்தக் காற்றிலேதான், 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில், வண்டியை ஓரங்கட்டிக் கடலையும் ரயில் பாலத்தையும் வேடிக்கை பார்க்க இறங்குகிறார்கள் பயணிகள். இருப்பதோ இருவழி, ஒரு வழியில் வேன் நின்றால் மொபெட் எங்கே போகும்?

"அப்படியானால் ஏர்ஹாரன் மாட்டிவிட்டால் போகிறது" என்பார் சிலர். வேண்டாம் தோழர்களே! காதைத் துளைக்கும் ஒலி எழுப்பும் கருவியை அதே 119-ஆவது விதி தடுக்கிறது. பயனும் இல்லை. 28-ஆம் ஒழுங்குமுறையின் உச்ச வரம்பு 112 டெசிபெல். அதையே வைத்தாலும், 56 மீட்டருக்கு அப்பால், மூடிய கண்ணாடிக்குள்ளே எஞ்சுவது 74தான். எஞ்சின் இரைச்சலில் அது கரைந்து போகும். லாரிக்காரனுக்கு எட்டாத ஒலி, சாலையோரக் குடிசையில் தூங்கும் குழந்தையின் காதைத்தான் கிழிக்கும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபெல்தான் இருக்கலாம் என்கின்றன.

ஆகவே நாம் கேட்பது இது:

சிறு வண்டிக்கொரு நீதி, பெரு வண்டிக்கொரு நீதி வேண்டாம். ஹாரனின் குறைந்தபட்ச ஒலி எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் 93 ஆகட்டும். பத்து டெசிபெல் கூடினால், அதே ஒலி மூன்று மடங்கு தூரம் போகும். லாரிக்காரனுக்கு எட்டாவிட்டாலும், நடப்பவனுக்கும் சைக்கிள்காரனுக்கும் எட்டும்.

கிளைச்சாலை முனைகளில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலை வெட்டுங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் காதை நம்ப வேண்டியதில்லை.

பாலத்தின்மேல் வண்டி நிறுத்துவதை அறவே தடுங்கள். வேடிக்கை பார்க்கக் கரையில் இடம் அமைத்துக் கொடுங்கள்.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. ஹாரனை அழுத்திவிட்டால் வழி தானாகத் திறக்கும் என்ற நினைப்பை நாமும் விட வேண்டும். அது வேண்டுகோள்தானே தவிர, கட்டளை அல்ல. கேட்டதா இல்லையா என்பது நமக்குத் தெரியாது. கேட்கவில்லை என்று கொண்டே வண்டி ஓட்ட வேண்டும். கட்டைவிரல் பித்தானில் இருக்கட்டும். மற்ற விரல்கள் பிரேக்கில் இருக்கட்டும். கிளைத் தோழர்கள் மெக்கானிக் தோழர்களை அழைத்து, மாதம் ஒருநாள் மீன் வண்டிகளின் ஹாரனையும் பிரேக்கையும் பார்த்துக் கொடுத்தால், அது நல்ல தொண்டு.

இனி எங்கேனும் ஒரு தோழன் சாலையில் விழுந்தால், "ஹாரன் அடித்தானா?" என்பதோடு நின்றுவிடாதீர்கள். அடித்தது கேட்கும்படி வண்டியைச் செய்தார்களா, சாலையை அமைத்தார்களா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வியை நாம்தான் கேட்க வேண்டும். உரக்கக் கேட்க வேண்டும்!