மலையேறும் மொரிஸ் – 9: உள்ளங்கை அகலம்

1977க்குப் பிறகு வந்த ஜப்பான் கார்கள் மொரிஸ் மைனரை ஹயர் ஸ்டாண்டின் கடைசிக்குத் தள்ளிய கதை போன வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம் ஸ்ரீ இலக்கத் தகடு என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு பொனட் குறுக்கே வந்துவிட்டது.

மைனரை முன்னால் நின்று பாருங்கள். பொனட்டின் நடுவில், மூக்கிலிருந்து கண்ணாடிப் பக்கம் வரை தட்டையாக ஒரு பட்டி ஓடும். அழகுக்கு வைத்தது என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அது தையல் போட்ட தழும்பு.

அலெக் இசிகோனிஸ் போர்க்காலத்தில் வரைந்த கார் இது. வெள்ளோட்டக் காருக்கு ‘மொஸ்கிட்டோ’ என்று பெயர், நம் நுளம்புதான். 1948 லண்டன் கண்காட்சி நெருங்கிய வேளையில் அவருக்கு மனம் ஒப்பவில்லை. கார் ஒடுங்கித் தெரிந்தது. நெடுக்காக இரண்டாக அறுக்கச் சொன்னார். இரு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கிப் பார்த்து, கண்ணுக்குச் சரியென்று பட்ட இடத்தில் நிறுத்தச் சொன்னார். இடைவெளி நாலு அங்குலம். பம்பர்கள் அதற்குள் தயாராகிவிட்டன. அவற்றையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு சேர்த்தார்கள். கம்பெனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்கு அப்போதும் பிடிக்கவில்லை. ஓடில்லாமல் அவித்த முட்டை என்றாராம். அந்த முட்டை 1960 முடிவதற்குள் பத்து லட்சத்தை எட்டியது. அதற்கு முன் எந்தப் பிரித்தானியக் காரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

ஹட்டனில் ஒரு கராஜில் இதைச் சொன்னேன். நாற்பது வருடமாக மைனர் தகரம் தட்டும் பாஸ் சுத்தியலைக் கீழே வைத்தார். பட்டியின் மேல் உள்ளங்கையைக் குறுக்காக வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

“தட்டித் தட்டிக் கை காச்சுப்போச்சுங்க. இது ஒட்டுன்னு இப்பத்தான் தெரியுது.”

அந்த நாலு அங்குலமும் சேர்ந்துதான் கினிகத்தேனை வளைவுகளில் காரைச் சாயவிடாமல் பிடிக்கிறது. லயத்திலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ராத்திரியில் என் அக்காவைப் பிரசவத்துக்குக் கொண்டுபோனது ஒரு சாம்பல் நிற மைனர். மழை, வைப்பர் வேலை செய்யவில்லை. டிரைவர் அண்ணன் தலையை வெளியே நீட்டியே ஓட்டினார். அதே கார் பத்து வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தார்கள். எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

கராஜில் காரை விட்டிருந்தவர் சொன்னார்: “முன்ன ஹயருக்குக் கூப்பிட்டா, வேற கார் இல்லியான்னு கேப்பாங்க. இப்ப கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லி வைக்கிறாங்க.” 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும், ஓடுகிற எதற்கும் மதிப்பு வந்தது உண்மைதான். ஆனால் மதிப்பு வரும்வரை அவற்றை ஓட வைத்தவர்கள் இந்தப் பாஸ்மார். இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்டர் நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களில் மைனர் உதிரிப்பாகம் செய்விக்க இலங்கைக்குத்தான் வந்தார். மைனர் பிறந்த நாட்டுக்கே இங்கிருந்து தகரம் போனது. இதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும்.

நான் கிளம்பும்போது, கார்க்காரர் கறுப்புத் தகட்டின் முன் குந்தி, மெல்லிய தூரிகையால் சிங்கள ஸ்ரீ எழுத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். 1958இல் வடக்கில் தார் பூசி அழித்த எழுத்து அது.

அடுத்த வாரம்.