போன கேஸ் எங்கே போகிறது? அன்றும் இன்றும்

ஏரித் தண்ணீரில் வயல்கள் விளைந்த அன்றைய சிட்லபாக்கத்தில் பிரிட்ஜ் இருந்த வீடுகள் அபூர்வம். இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்ட இதே ஊரில், அடுக்குமாடிகளின் பால்கனிதோறும் ஏசியின் அவுட்டோர் யூனிட். பங்குனி பிறந்துவிட்டால் மெக்கானிக்கைப் பிடிப்பதே பெரும்பாடு. வந்ததும் அவர் சொல்வது மட்டும் மாறவில்லை: “கேஸ் போயிடுச்சு சார், ஏத்தணும்.”

போன கேஸ் எங்கே போகிறது, அங்கே என்ன செய்கிறது? இதை உலகுக்கு விளக்கியவர்களில் ஒருவர், 1944-ல் சென்னையில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்துவிட்டு, செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே அவருக்குத் தந்த வேலை, கேஸ் கசிவதைத் தடுப்பது.

அன்றைய பிரிட்ஜ்களில் ஓடியது ஆர்-12 என்ற குளோரோஃபுளோரோகார்பன். தீப்பிடிக்காது, நஞ்சுமல்ல, எதனோடும் எளிதில் வினைபுரியாது. பழுது பார்க்கையில் மிச்சத்தைக் காற்றில் திறந்துவிடுவதை யாரும் தவறாக நினைக்கவில்லை. கெடாத அந்தக் குணமே வினையானது. அடுக்கு வளிமண்டலம் வரை அது முழுசாகவே ஏறுகிறது. அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து, அதிலிருந்து பிரியும் ஒரே ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கக்கூடும். 1974-ல் வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் எச்சரித்தது இதைத்தான்.

அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் இருந்த ராமநாதன் இன்னொரு கேட்டைக் கண்டார். பூமி விடும் வெப்பத்தில் நீராவியும் கரியமில வாயுவும் பிடிக்காமல் விடும் அலைநீளங்களை இந்த வாயு பிடித்துக்கொள்கிறது. மூலக்கூறுக்கு மூலக்கூறு, கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு. புவி வெப்பத்துக்குக் கரியமில வாயு மட்டுமே காரணமல்ல என்பது அப்போது தெளிவானது.

1985-ல் அண்டார்க்டிகா மேல் ஓசோன் துளை தெரியவந்தது. 1987-ல், குளோரோஃபுளோரோகார்பன்களைப் படிப்படியாகக் கைவிட மான்ட்ரியல் ஒப்பந்தம்; 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. ஆஸ்துமா இன்ஹேலர்களுக்கான அளவு நீங்கலாக, 2008 ஆகஸ்டில் இங்கே அந்த வாயுக்களின் உற்பத்தி நின்றது. இதே போக்கு நீடித்தால் அண்டார்க்டிகாவின் ஓசோன் 2066 வாக்கில் 1980-ன் நிலைக்குத் திரும்பும் என்கிறது 2022-ஆம் ஆண்டின் ஐ.நா. மதிப்பீடு. மனிதர்கள் சேர்ந்து முடிவெடுத்தால் வானமும் தேறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்று புது பிரிட்ஜின் பின்புற ஸ்டிக்கரில் பெரும்பாலும் ஆர்-600ஏ, ஏசியில் ஆர்-32. இரண்டும் ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் ஆர்-32, நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப்போல் 675 மடங்கு வெப்பம் சேர்க்கும். ஒரு கிலோ வெளியேறினால் சுமார் 290 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். ராமநாதன் காட்டிய பாதிக் கதை இன்னும் முடியவில்லை.

வீடு மாறும்போது ஏசியைக் கழற்றுமுன், கேஸ் வெளியேறாதபடி நல்ல மெக்கானிக் ‘பம்ப் டவுன்’ செய்வார்: ஏசி ஓடும்போதே அலன் கீயால் மெல்லிய குழாயின் வால்வை மூடி, கேஸ் முழுவதும் அவுட்டோர் யூனிட்டுக்குள் திரும்பியதும் தடித்த குழாயின் வால்வையும் மூடுவார். சில நிமிட வேலைதான். கேஸ் குறைந்திருந்தால், கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே ஏற்றச் சொல்ல வேண்டும். அதற்குக் கூலி சற்றுக் கூடும். பேரம் பேசாமல் கொடுப்போம்.