குதிகாலை நீட்டுமுன் பில்லைக் கேளுங்கள்

திருவள்ளூர் மாவட்டம் அண்ணனூர் அடுக்ககங்களில் ஞாயிறு காலை ‘இலவச எலும்பு அடர்த்தி முகாம்’ என்று பேனர் கட்டினால் போதும், நாற்பதைத் தாண்டிய பெண்கள் வரிசையில் நின்றுவிடுகிறார்கள். குதிகாலில் ஜெல் தடவி ஒரு சின்னப் பெட்டிக்குள் வைக்கச் சொல்வார்கள். சற்று நேரத்தில் வரும் சீட்டில் ‘மைனஸ் 2.3’ என்று வட்டமிட்டிருக்கும். “அக்கா, எலும்பு தேஞ்சிடுச்சு, வெயிட்டும் ஜாஸ்தி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பதிலா இந்தப் பவுடரைக் குடிங்க, ரெண்டும் சரியாயிடும்.” பணம் ஜிபேயில் யாரோ ஒரு தனி ஆளின் பெயருக்குப் போகும். பில் கிடையாது.

குதிகாலில் பார்ப்பது வெறும் முதற்கட்டச் சோதனை. எலும்புப்புரை இருக்கிறதா என்று தீர்மானிக்க இடுப்பிலும் முதுகெலும்பிலும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும். அதில் அடர்த்தியைக் காட்டும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் எலும்புப்புரை. டெக்ஸாவிலேயே மைனஸ் 2.3 வந்தாலும் அடர்த்தி குறைவு என்றுதான் பொருள். முகாம் சீட்டைத் தூக்கிக்கொண்டு கீழ்ப்பாக்கம் அல்லது ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவு ஓபிக்குப் போங்கள். பவுடருக்குப் பிறகல்ல, முன்பே போங்கள்.

அடுத்து எடை. உடல் பருமன் கற்பனை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 30.9. சென்னையின் மருத்துவர்கள் அஞ்சனாவும் மோகனும் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இன்டியாப் (INDIAB) ஆய்வு, 2023இல் நாட்டில் 39.5 சதவீதம் பேருக்குத் தொப்பைப் பருமன் என்றது. இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும். அதற்கு ஒரு டேப் போதும், முகாம் வேண்டாம். ஆனால் பட்டினி கிடந்து மளமளவென்று எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் எலும்பும் சேர்ந்தே கரையும். பருமனான உடம்பில் எலும்பு கெட்டியாக இருக்கும் என்பதும் தப்புக்கணக்கு. வாரம் ஒன்று என்று எழுதித் தந்த 60,000 யூனிட் வைட்டமின் டி-யை மாதக்கணக்கில் தாங்களாகவே தொடர்பவர்கள் இன்னொரு ரகம். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

இனி புகார். உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போனால் “இது மருந்தும்மா” என்பார்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் “இது உணவாச்சே” என்பார்கள். இந்தப் பந்தாட்டத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருந்தால் அது உணவு. டப்பா, துண்டுச்சீட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் படமெடுத்து, மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். மருந்து உற்பத்தி உரிம எண் இருந்தாலோ, எந்த எண்ணுமே இல்லாமல் குணமாக்கும் என்று விற்றாலோ, தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்திலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். கடிதத்தில் ‘மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், 1954’ என்று பெயரோடு குறிப்பிடுங்கள். அதன் அட்டவணையில் உடல் பருமனும் இருக்கிறது; அதைக் குணமாக்குவதாக மருந்தை விளம்பரம் செய்வதே குற்றம், முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை. சட்டத்தின் பெயர் இல்லாத மனு மேசையிலேயே தூங்கும். நகலும் ஒப்புகை அட்டையும் உங்களிடம் இருக்கட்டும்.

மறுபடியும் சொல்கிறேன், பில் கேளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். பில் இல்லையென்றால் ஜிபே பதிவையும் அவர்கள் பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். முதலில் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். பணம் திரும்பாவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இதற்கிடையில் பவுடரை நம்பி சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தியவர்கள், இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். புகார் நாளைக்கு எழுதிக்கொள்ளலாம்.