"அத்தனையும் பெட்டை"ன்னு சொல்றாங்களா? கோழிக்குஞ்சு வாங்குவோர் உஷார்!

செங்கல்பட்டு: "எல்லாமே பெட்டைதாம்மா... ஆறே மாசத்துல முட்டை!" என்று கூவிக்கொண்டு கூடைக்காரர் தெருவுக்குள் வந்தால் கொஞ்சம் உஷாராக இருங்க. பொரித்து ஓரிரு நாளே ஆன நாட்டுக்கோழிக் குஞ்சைப் பார்த்ததும் அது பெட்டையா, சேவலா என்று சொல்ல அவராலும் முடியாது, நம்மாலும் முடியாது. அந்த ஒரு வார்த்தைக்காக குஞ்சுக்கு 10 ரூபாய் கூடக் கொடுத்தால், அது போன காசுதான்.

செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பக்கத்து கிராமங்களிலும், கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரையிலான மீனவக் குப்பங்களிலும் கொல்லையில் நாலு கோழி வளர்ப்பது புதிதல்ல. முட்டை விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைக்காசு. வலையில் மீன் விழாத நாட்களில் அதுதான் கைகொடுக்கும். அதனால்தான் பெட்டை எத்தனை தேறும் என்பது அவர்களுக்கு முக்கியமான கேள்வி.

1024ல் ஒரு முறை!

கோழியில் பாதி பெட்டை, பாதி சேவல். இதுதான் பொதுக் கணக்கு. 10 குஞ்சு வாங்கினால் ஐந்துக்கு ஐந்து வரலாம். 7 சேவல், 3 பெட்டை என்றும் வரலாம். ஆனால் பத்தும் பெட்டையாக அமைய வேண்டுமானால் 1024ல் ஒரு வாய்ப்புதான். கூடைக்காரருக்குத் தினமும் அந்த அதிர்ஷ்டம் அடிக்குமா? நீங்களே யோசிங்க!

மனிதர்களில் குழந்தை ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது அப்பாவின் உயிரணு. கோழியில் அது தலைகீழ். தாய்க்கோழிதான் தீர்மானிக்கிறது. முட்டை வெளியே வரும் முன்பே, உள்ளே இருப்பது சேவலா, பெட்டையா என்பது முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு அடையில் என்ன செய்தாலும் மாறாது.

ஆமை வேற, கோழி வேற

"அடை சூடு கூடினா சேவல், குறைஞ்சா பெட்டை" என்று சிலர் சொல்வார்கள். இது கோழிக்குப் பொருந்தாது. ஆனால் நம்ம கடற்கரைக்கு வரும் பங்குனி ஆமைக்குப் பொருந்தும்! மணல் சூடு அதிகமானால் பெண் ஆமைகள் அதிகம் பொரிக்கும். சூடு குறைந்தால் ஆண் அதிகம். வடநெம்மேலி முதலைப் பண்ணையில் இருக்கும் முதலைகளுக்கும் முட்டையின் சூடுதான் ஆண், பெண்ணைத் தீர்மானிக்கிறது. கோழிக்கு அந்த வழி கிடையாது.

முட்டை வடிவம் பார்ப்பதும் வீண் வேலைதான். நீளமான முட்டை பெட்டை, உருண்டை முட்டை சேவல் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் 2300 வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்தார். நம்மூர் பெரியவர்கள் சிலர் இதையே திருப்பிச் சொல்வார்கள். இரண்டுமே சரியில்லை. குஞ்சைத் தலைகீழாகப் பிடித்து, உதைத்தால் சேவல் என்பதும், நூலில் ஊசி கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பதும் இதே கதைதான்.

ஜப்பான் வித்தை

அப்படியானால் முதல் நாளிலேயே கண்டுபிடிக்க வழியே இல்லையா? இருக்கு. 1920களில் ஜப்பானில் மசூய், ஹஷிமோட்டோ என்ற ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு முறையை உருவாக்கினார்கள். குஞ்சின் ஆசனவாயை லேசாகப் பிதுக்கி, உள்ளே இருக்கும் சின்னப் புடைப்பைப் பார்த்துச் சொல்லும் முறை அது. 1933ல் இதைப் பற்றி ஆங்கிலத்தில் நூலும் வந்தது. ஆனால் இதைக் கற்கத் தனிப் பயிற்சியும், நாள்பட்ட பழக்கமும் வேண்டும். பழகாத கை பிதுக்கினால் குஞ்சு செத்துப்போகும். வீட்டில் யாரும் முயற்சி பண்ணாதீங்க.

சில கலப்பின முட்டைக்கோழி ரகங்களில் இறக்கையை விரித்துப் பார்த்தே சொல்லிவிடலாம். பெட்டைக்கு இறக்கையின் பெரிய இறகுகள் நீண்டிருக்கும், அதன் மேல் இறகுகள் குட்டையாக இருக்கும். சேவலுக்கு இரண்டும் ஒரே நீளம். ஆனால் இதற்கென்றே ஜோடி சேர்த்து உருவாக்கிய ரகங்களில் மட்டும்தான் இது எடுபடும். நாட்டுக்கோழியில் எடுபடாது.

கலர் குஞ்சு ரகசியம்

ரோஸ், பச்சை, மஞ்சள் என்று சாயம் பூசி விற்கிறார்களே, அந்தக் குஞ்சுகள் எங்கிருந்து வருது தெரியுமா? முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் பெட்டையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சேவல் குஞ்சு முட்டையும் போடாது, கறிக்கோழி மாதிரி சதையும் பிடிக்காது. அப்படிக் கழிக்கப்பட்ட குஞ்சுகள்தான் பெரும்பாலும் சாயம் ஏறி சந்தைக்கு வருகின்றன. குழந்தை ஆசைப்படுதுன்னு வாங்கினால் வாங்குங்க. முட்டையை மட்டும் எதிர்பார்க்காதீங்க.

பல நாடுகளில் இந்தச் சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் இதற்குத் தடை போட்டது. அங்கே முட்டைக்குள் இருக்கும்போதே மெஷின் வைத்து ஆணா, பெண்ணா என்று பார்க்கும் முறை வந்துவிட்டது.

முதல்ல உயிரோட இருக்கணும்

பெட்டை எத்தனை என்ற கவலையைவிடப் பெரிய கவலை, குஞ்சு எத்தனை பிழைக்கும் என்பது. வாங்கியது 10, முதல் மாசத்தில் செத்தது 6 என்றால், மீதி நாலில் பெட்டை எத்தனை இருக்கும்? கவனிக்க வேண்டியவை இவை:

சூடு: தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். 20, 25 குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு போதும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர் என்று அர்த்தம். விலகி ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தால் எல்லாம் சரி.

மழைக்காலம்: 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்தது. அந்த மாதிரி நாளில் கரண்ட் போனால் பல்பை நம்ப முடியாது. மண்சட்டியில் அடுப்புக்கரித் தணல் போட்டு, மேலே சாம்பல் தூவி, குஞ்சு ஏறாதபடி சுற்றி மறைப்பு வைத்துக்கொள்ளலாம். புகையும் காற்றும் வெளியேற வழி இருக்கணும். பூட்டிய அறையில் கூடவே கூடாது. கீழே பரப்பிய உமி நனைந்தால் உடனே மாத்துங்க. ஈர உமியில்தான் ரத்தக்கழிச்சல் வரும்.

தீனி: நொய், கம்பு, கேழ்வரகு நல்லது. பழைய பானையில் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணியும் திணித்து, லேசாக நீர் தெளித்து, புற்று இருக்கும் இடத்தில் சாயந்திரம் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும். குஞ்சுக்கு அதைவிட நல்ல சத்து கிடையாது. கடலோரத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். உப்புக் கருவாட்டுத் தூளைக் குஞ்சுக்குப் போடாதீங்க. உப்பு அதிகமானால் செத்துவிடும். மீன் கழிவு என்றால் வேகவைத்துக் கொஞ்சமாகப் போடலாம்.

தடுப்பு மருந்து: தெருவையே காலி பண்ணும் நோய் வெள்ளைக்கழிச்சல். இதை ராணிக்கெட் என்றும் சொல்வார்கள். நம்ம ராணிப்பேட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது இமயமலைப் பக்கத்து ஊர். ஆனால் அதற்கான தடுப்பு மருந்து தயாராகும் அரசு நிலையம் ராணிப்பேட்டையில்தான் இருக்கு! 1932ல் தொடங்கியது. குஞ்சுக்கு 7வது நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, 4வது வாரம் மறுபடி சொட்டு, 8வது வாரம் ஊசி. அரசு கால்நடை மருந்தகங்களில் சனிக்கிழமைகளில் கோழிக்குத் தடுப்பூசி போடும் வழக்கம் உண்டு. நோய் வந்த பிறகு போட்டால் பலன் இல்லை.

வாரம் வாரமா பாருங்க

குஞ்சு பிழைத்துவிட்டதா? இனி கவனித்தால் அதுவே சொல்லிவிடும்.

3, 4 வாரம்: பெட்டைக்கு வால் இறகு சீக்கிரம் முளைக்கும். சேவல் குஞ்சு வாலும் முதுகும் மொட்டையாகச் சுற்றும். இது குறிப்புதான், முடிவு இல்லை.

6 முதல் 8 வாரம்: சேவலுக்குக் கொண்டை பெருத்துச் சிவக்கும். கால் தடிமனாகும். பெட்டைக்குக் கொண்டை சின்னதாக, வெளிறி இருக்கும். இப்போது பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

10 முதல் 12 வாரம்: முதுகும் வாலும் சேரும் இடத்தைப் பாருங்க. சேவலுக்கு அங்கே மெல்லிசா, நீளமா, முனை கூர்மையா, பளபளப்பா இறகு முளைத்து இரண்டு பக்கமும் தொங்கும். பெட்டைக்கு இறகு முனை உருண்டையாக இருக்கும். கழுத்து இறகிலும் இதே வித்தியாசம்தான். இதுதான் ஏமாற்றாத அடையாளம். கூவுவதற்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

ஏமாற்றும் ரகங்கள்

பெருவிடைக்குச் சேவலானாலும் கொண்டை சின்னதுதான். கொண்டையை வைத்து முடிவு பண்ணினால் சேவலைப் பெட்டை என்று நினைத்துவிடுவோம். கருங்கோழிக்குக் கொண்டையே கறுப்பு, அதனால் சிவப்பைத் தேடக்கூடாது, அளவைத்தான் பார்க்கணும். கழுத்தறுத்தான் கோழிக்குக் கழுத்தில் இறகே இருக்காது. இந்த மூன்றுக்கும் முதுகு இறகுதான் சாட்சி.

கால் முள்ளை மட்டும் நம்பாதீங்க. வயசான பெட்டைக்கும் முள் வரும். "பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியும்" என்பார்கள். பொழுது விடியுதோ இல்லையோ, பெட்டை கூவுவது உண்மையில் நடக்கும். கோழிக்கு இடது பக்கச் சினைப்பை மட்டும்தான் வேலை செய்யும். அது நோயால் கெட்டுப்போனால் சில கோழிகள் சேவல் மாதிரி கொண்டை வளர்த்துக் கூவும். அது அபசகுனம் இல்லை, உடம்புக் கோளாறு.

எதை வைப்பது, எதை விற்பது?

அவசரப்பட்டு இரண்டாம் மாசத்திலேயே ஒரு பகுதியை விற்பவர்கள், முட்டை போட வேண்டிய பெட்டையையும் சேர்த்து விற்றுவிடுகிறார்கள். 12 வாரம் பொறுத்தால் இந்த நஷ்டம் இல்லை. முட்டைக்கு மட்டும்தான் என்றால் சேவலே வேண்டாம், சேவல் இல்லாமலும் கோழி முட்டை போடும். அடை வைத்துக் குஞ்சு எடுக்கணும் என்றால் 8, 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அந்தச் சேவலும் வேறு வீட்டுச் சேவலாக இருந்தால் நல்லது. மீதிச் சேவல்களை நல்லா மேயவிட்டு, தீபாவளி, பொங்கல் நேரத்தில் எடைக்குக் கொடுத்தால் தீனிச் செலவு கைக்கு வந்துவிடும். பெட்டை ஆறேழு மாசத்தில் முட்டைக்கு வரும்.

குஞ்சு வாங்கவோ, வளர்ப்பு பற்றிக் கேட்கவோ நினைப்பவர்கள் தாம்பரம் - செங்கல்பட்டு ரோட்டில் உள்ள காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நடத்தும் நிலையம் இது. பக்கத்தில் இருக்கும் கால்நடை மருந்தகத்திலும் கேட்கலாம். கூடைக்காரரிடமே வாங்கினாலும் தப்பில்லை. குஞ்சு சுறுசுறுப்பா இருக்கா, கண் பளிச்சுன்னு இருக்கா, தொப்புள் காய்ந்திருக்கா, பின்பக்கம் கழிச்சல் ஒட்டாமல் இருக்கான்னு பார்த்து வாங்குங்க. "பெட்டை" என்ற வார்த்தைக்கு மட்டும் தனிக் காசு கொடுக்காதீங்க.